1234567890: இலக்க வரிசைக்குள் ஒளிந்திருக்கும் எண்

கேள்வி: 1234567890 என்ற எண்ணுக்கு, இலக்கங்கள் வரிசையாக வருகின்றன என்பதைத் தவிர கணித ரீதியாக வேறு பண்பு ஏதேனும் உண்டா? அதன் பகாக் காரணிகளைக் கணினி இல்லாமல் கையாலேயே கண்டுபிடிக்க முடியுமா?

இரண்டுக்கும் ஆம் என்பதே பதில். காரணிகளைக் கண்டுபிடிக்க ஒரு தாளும் பேனாவும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஆனால் எந்த வரிசையில் வேலை செய்கிறோம் என்பது முக்கியம். தவறான இடத்தில் தொடங்கினால் ஐந்நூறு வகுத்தல்கள் செய்ய வேண்டி வரும். சரியான இடத்தில் தொடங்கினால் ஒரே ஒரு வர்க்கத்தில் முடிந்துவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஓர் எண்ணின் பண்புகள் இரண்டு வகை. நாம் அதைப் பத்தடிமானத்தில் எழுதுவதால் மட்டும் தெரிபவை ஒரு வகை. 0 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கமும் ஒருமுறை வருவது அப்படிப்பட்டது. எட்டடிமானத்தில் எழுதினால் அது காணாமல் போய்விடும். மற்றது எண்ணுக்கே சொந்தமானது: பகாக் காரணிகள், வகுத்திகளின் எண்ணிக்கை, இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா என்பது போன்றவை. எந்த அடிமானத்தில் எழுதினாலும் இவை மாறா. இந்த எண்ணைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் முதல் வகையோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவது வகைதான் கூடுதல் ஆழமானது, அதற்கான திறவுகோல் பகாக் காரணிப்படுத்தல். எனவே அங்கிருந்தே தொடங்கலாம்.

சிறிய காரணிகளை உரித்தல்

கடைசி இலக்கம் 0. எனவே 2-ஆலும் 5-ஆலும் வகுபடும். 0-க்கு முன்னால் உள்ள இலக்கம் 9 என்பதால் கடைசி இரண்டு இலக்கங்கள் 90. அது 4-ஆல் வகுபடாது, 25-ஆலும் வகுபடாது. ஆகவே ஒரே ஒரு 2, ஒரே ஒரு 5. இலக்கக் கூடுதல் 45. எனவே 9-ஆல் வகுபடும். 90-ஆல் வகுத்தால்:

1234567890 ÷ 90 = 13717421

இனி இன்னொரு 3 உண்டா என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். இலக்கக் கூடுதல் விதி 3-க்கும் 9-க்கும் மட்டுமே செல்லும், 27-க்குச் செல்லாது. 9981-இன் இலக்கக் கூடுதல் 27, ஆனால் அதை 27-ஆல் வகுத்தால் 18 மீதி வரும். ஆகவே மூல எண்ணின் 45-ஐ வைத்து ஊகிக்கக் கூடாது. உரித்தபின் மிஞ்சிய எண்ணின் இலக்கங்களைப் புதிதாகக் கூட்ட வேண்டும்: 1+3+7+1+7+4+2+1 = 26. இது 3-ஆல் வகுபடாது. மூன்றுகள் இரண்டோடு முடிந்தன.

அடுத்து 7, 11, 13. மூன்றையும் ஒரே வீச்சில் பார்க்கலாம், ஏனெனில் 7 × 11 × 13 = 1001. எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்து, மாறி மாறிக் கழித்துக் கூட்ட வேண்டும்: 421 − 717 + 13 = −283. 283 என்பது 7-ஆலும் வகுபடாது, 11-ஆலும் வகுபடாது, 13-ஆலும் வகுபடாது. ஆகவே மூல எண்ணும் அப்படியே. பிரிப்பதை இடப்பக்கத்திலிருந்து தொடங்கிவிட்டால் முழுக் கணக்கும் தவறு. இந்த முறையில் நடக்கும் பிழைகளில் முக்கால்வாசி அதுதான்.

அதே மூன்று இலக்கத் துண்டுகளைக் கழிக்காமல் கூட்டினால் 37-க்கான சோதனை கிடைக்கும், ஏனெனில் 999 = 27 × 37. 421 + 717 + 13 = 1151; மறுபடி 1 + 151 = 152; 37-ஆல் வகுத்தால் மீதி 4. எனவே 37 இல்லை. இரண்டிரண்டு இலக்கங்களாகப் பிரித்து மாறி மாறிக் கழித்தால் 101-க்கான சோதனை: 21 − 74 + 71 − 13 = 5. அதுவும் இல்லை.

நடுவிலிருந்து தேடுதல்

இனி வழக்கமான வழி, 17, 19, 23 என்று ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துக்கொண்டே போவது. 13717421-இன் வர்க்கமூலம் 3703.7 என்பதால் அதுவரை போக வேண்டியிருக்கலாம். இந்த எண்ணுக்கு அந்த வழி கொடுமையானது. அதன் மிகச்சிறிய பகாக் காரணி 3607, அது 504-ஆவது பகா எண். 7-இல் தொடங்கினால் 501-ஆவது வகுத்தலில்தான் விடை கிடைக்கும். கையால் செய்பவர் நடுவில் எங்கேனும் ஒரு மீதியைத் தவறாகப் போட்டிருப்பார், அல்லது இது பகா எண்தான் என்று முடிவுகட்டி விட்டிருப்பார்.

இதற்கு மாற்று 17-ஆம் நூற்றாண்டில் பியர் தெ ஃபெர்மா கையாண்ட வழி. ஓர் ஒற்றை எண் இரண்டு காரணிகளின் பெருக்கல் என்றால், அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மையம் இருக்கும். மையத்தை ம என்றும், மையத்திலிருந்து ஒவ்வொரு காரணியும் தள்ளி நிற்கும் தூரத்தை த என்றும் கொண்டால், காரணிகள் (ம − த), (ம + த). அவற்றின் பெருக்கல் ம² − த². ஆகவே ம-வை வர்க்கமூலத்துக்குச் சற்று மேலிருந்து ஒவ்வொன்றாக உயர்த்தி, ம²-இலிருந்து எண்ணைக் கழித்து, மிஞ்சுவது முழு வர்க்கமா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். 2027651281 என்ற எண்ணை ஃபெர்மா இப்படித்தான் 44021 × 46061 என்று உடைத்தார். 45030-இல் தொடங்கினால் 45041-இல், அதாவது பன்னிரண்டாவது படியில், விடை கிடைக்கும்.

நம் எண்ணுக்கு 3704-இல் தொடங்க வேண்டும். 3704² = 13719616; கழித்தால் 2195. முழு வர்க்கம் ஒன்று 5-இல் முடிந்தால் 25-இல்தான் முடியும், 95-இல் முடியாது. அடுத்தது:

3705² = 13727025
13727025 − 13717421 = 9604 = 98²

இரண்டாவது முயற்சியிலேயே கிடைத்துவிட்டது. 3705 − 98 = 3607, 3705 + 98 = 3803.

உண்மையில் அந்த முதல் முயற்சியும் தேவையில்லை. 13717421-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. எந்த வர்க்கமும் 4-ஆல் வகுக்கும்போது 0 அல்லது 1-ஐத்தான் மீதியாகத் தரும். எனவே ம² − த² மீதி 1 தர வேண்டுமானால் ம ஒற்றையாகவும் த இரட்டையாகவும் இருந்தாக வேண்டும். 3-ஆல் வகுத்தால் மீதி 2 (இலக்கக் கூடுதல் 26). வர்க்கங்கள் 3-ஆல் 0 அல்லது 1 மீதி தருபவை. அப்படியானால் ம 3-இன் மடங்காகத்தான் இருக்க முடியும். 3703.7-க்கு மேலே, ஒற்றையாகவும் 3-இன் மடங்காகவும் உள்ள முதல் எண் 3705. நேராக அங்கே போய் நிற்கலாம். இரண்டு மீதிகளைப் பார்க்கும் வேலை ஆறில் ஐந்து பங்கு முயற்சிகளைக் குறைத்துவிடுகிறது. பெரிய எண்களில் இதன் பலன் இன்னும் கூடுதல்.

ஒரு நிபந்தனை உண்டு. இந்த முறைக்கு எண் ஒற்றையாக இருக்க வேண்டும். 1234567890-ஐ அப்படியே எடுத்துக்கொண்டு தொடங்கினால் விடை வரவே வராது, ஏனெனில் 4-ஆல் வகுக்க மீதி 2 தரும் எந்த எண்ணையும் இரண்டு முழு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடியாது. அதனால்தான் முதலில் 2-ஐ உரித்தோம்.

காரணிகள் வர்க்கமூலத்துக்கு அருகில் இருந்ததால்தான் இவ்வளவு விரைவு. எண்ணைத் திருப்பிப் போட்டு 987654321-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 9-ஆல் வகுத்தால் 109739369. இது 17² × 379721, இதில் 379721 பகா எண். சாதாரண வகுத்தலில் 17 என்ற காரணி உடனே கையில் அகப்படும். ஃபெர்மா வழியில் போனால் ம 10476-இல் தொடங்கி 190005 வரை நடக்க வேண்டும்: 1,79,530 படிகள். ஆகவே நடைமுறையில், 50 அல்லது 100 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்துவிட்டு, அதன்பின் நடுவிலிருந்து சில பத்துப் படிகள் முயல்வதே நல்லது. இரண்டும் கைகொடுக்காவிட்டால் மட்டும் கணினியிடம் போகலாம்.

3607, 3803 இரண்டும் பகா எண்கள்தான் என்பதையும் சரிபார்க்க வேண்டும். 13717421-ஐ 3, 5, 7, 11, 13 எதுவும் வகுக்காது என்று முன்பே பார்த்துவிட்டதால் 17-இலிருந்து தொடங்கினால் போதும்: 3607-க்கு 59 வரை, 3803-க்கு 61 வரை. மிக நெருங்கி வருவது 3607-ஐ 41-ஆல் வகுக்கும்போது; 41 × 88 = 3608, ஒன்றுதான் கூடுதல். இறுதியாக 3607 × 3803 = 13717421 என்ற பெருக்கலை 9-ஆல் சோதிக்கலாம்: மீதிகள் 7, 5; 7 × 5 = 35, மீதி 8; 13717421-இன் இலக்கக் கூடுதல் 26, மீதி 8. பொருந்துகிறது. 9 சோதனை மட்டும் போதாது; இலக்கங்களை இடம் மாற்றி எழுதிய பிழையை அது கண்டுகொள்ளாது. 11-ஆலும் பார்க்க வேண்டும்: மீதிகள் 10, 8, பெருக்கல் 80, மீதி 3, 13717421-இன் மீதியும் 3.

ஆக,

1234567890 = 2 × 3² × 5 × 3607 × 3803

இதிலிருந்து உதிர்பவை

வகுத்திகளின் எண்ணிக்கைக்கு ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்: 2 × 3 × 2 × 2 × 2 = 48. அவற்றைப் பட்டியலிடவும் எளிய வழி இருக்கிறது. 90-இன் பன்னிரண்டு வகுத்திகளை (1, 2, 3, 5, 6, 9, 10, 15, 18, 30, 45, 90) எழுதிக்கொண்டு, அவற்றை 1, 3607, 3803, 13717421 ஆகிய நான்காலும் பெருக்கினால் 48-உம் வந்துவிடும். 90-க்கும் 3607-க்கும் இடையே ஒரு வகுத்திகூட இல்லை என்பது இந்த எண்ணின் விநோதம். எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 35136.418; அதற்கு மிக நெருங்கிய காரணி இணை 34227 × 36070.

எல்லா வகுத்திகளின் கூடுதல் (1 + 2) × (1 + 3 + 9) × (1 + 5) × (1 + 3607) × (1 + 3803), அதாவது 3 × 13 × 6 × 3608 × 3804 = 3211610688. எண்ணைக் கழித்தால் 1977042798, அது எண்ணைவிடப் பெரியது. எனவே இது மிகை எண். இதை அறிய இவ்வளவு கணக்குத் தேவையில்லைதான்: 6-ஐவிடப் பெரிய, 6-இன் எந்த மடங்கும் மிகை எண்ணே.

1 முதல் 1234567890 வரை, இந்த எண்ணோடு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத சார்பகா எண்கள் எத்தனை? ஆய்லரின் சூத்திரப்படி (2 − 1) × (9 − 3) × (5 − 1) × (3607 − 1) × (3803 − 1), அதாவது 1 × 6 × 4 × 3606 × 3802 = 329040288. ஏறத்தாழ 26.65 விழுக்காடு. இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்திருங்கள், இறுதியில் தேவைப்படும்.

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக இதை எழுத முடியுமா? முடியாது. 4-ஆல் வகுக்க மீதி 3 தரும் பகா எண் ஒற்றை அடுக்கில் வந்தால் அது நடக்காது; 3607, 3803 இரண்டுமே அப்படிப்பட்டவை. மூன்று வர்க்கங்கள் என்றால் முடியும், ஏனெனில் எண் 8-ஆல் வகுக்க மீதி 2 தருகிறது. லெஜாந்தர் தேற்றம் தடுப்பது 8-ஆல் வகுக்க மீதி 7 தரும் எண்களையும், அவற்றை 4, 16, 64 போன்ற 4-இன் அடுக்குகளால் பெருக்கி வருபவற்றையும் மட்டுமே; அந்த வடிவத்தில் இது இல்லை.

ஆனால் அதன் வர்க்கம் வேறு கதை. 1234567890-ஐக் கர்ணமாகக் கொண்ட செங்கோண முக்கோணம் முழு எண்களில் ஒன்றே ஒன்று உண்டு. 4-ஆல் வகுக்க மீதி 1 தரும் பகாக் காரணி 5 மட்டுமே, அதுவும் ஒரே ஒருமுறை வருவதால், 3-4-5 முக்கோணத்தைப் பெரிதாக்கியது தவிர வேறு வழியில்லை. 1234567890 ÷ 5 = 246913578. அதை 3-ஆலும் 4-ஆலும் பெருக்கினால்:

740740734² + 987654312² = 1234567890²

987654312 என்ற பக்கத்தைப் பாருங்கள். ஏறுவரிசைக் கர்ணத்துக்கு ஏறக்குறைய இறங்குவரிசைப் பக்கம். இது தற்செயலல்ல, காரணம் கீழே வருகிறது.

அடுத்தடுத்த இயல் எண்களின் கூடுதலாக எத்தனை விதமாக எழுதலாம் என்பது ஒற்றை வகுத்திகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒற்றை வகுத்திகள் 3 × 2 × 2 × 2 = 24. எண்ணைத் தனியாக எழுதுவதை விட்டால் 23 வழிகள். மிகக் குறுகியது மூன்று எண்கள்: 411522629 + 411522630 + 411522631. மிக நீளமானதைக் காண, எண்ணின் இருமடங்கான 2469135780-ஐ, ஒன்று ஒற்றை, ஒன்று இரட்டை என்று வரும்படி இயன்றவரை நெருக்கமான இரண்டு காரணிகளாகப் பிரிக்க வேண்டும். 12 × 3803 = 45636, 15 × 3607 = 54105. சிறியதுதான் உறுப்புகளின் எண்ணிக்கை. பெரியது முதல் உறுப்பு, கடைசி உறுப்பு இரண்டின் கூடுதல். முதல் உறுப்பு (54105 − 45636 + 1) ÷ 2 = 4235. ஆகவே 4235 முதல் 49870 வரை எல்லா எண்களையும் கூட்டினால் சரியாக 1234567890 வரும். அந்த +1-ஐ மறந்துவிட்டால் பின்னம் வந்து நிற்கும்; அப்படி வந்தால் பிழை அங்கேதான்.

இலக்கங்களின் பண்புகள்

பத்து இலக்கங்களையும் ஒருமுறை பயன்படுத்தி எழுதும் பத்திலக்க எண்கள் 9 × 9! = 32,65,920. எல்லாவற்றின் இலக்கக் கூடுதலும் 45. எனவே அவற்றில் ஒன்றுகூடப் பகா எண்ணல்ல; அனைத்தும் 9-இன் மடங்குகள். ஏறுவரிசையில் அடுக்கினால் நம் எண்ணின் இடம் 46234. இதைக் கணக்கிடுவது இனிமையான வேலை. முதல் இடத்தில் 1-ஐவிடச் சிறிய இலக்கம் வர முடியாது, ஏனெனில் எண் 0-இல் தொடங்காது. அதன்பின் ஒவ்வோர் இடத்திலும், அங்குள்ள இலக்கத்தைவிடச் சிறியதாக மிச்சமிருப்பது 0 மட்டுமே. எனவே நமக்கு முன்னால் நிற்பவை 8! + 7! + 6! + 5! + 4! + 3! + 2! + 1! = 46233.

இலக்கக் கூடுதலான 45-ஆலும் எண் வகுபடுகிறது: ஈவு 27434842. ஒரு 0-இல் மட்டும் முடிவதால் முழு வர்க்கமாக இருக்க முடியாது. முழு வர்க்கங்களின் இறுதிப் பூச்சியங்கள் எப்போதும் இரட்டை எண்ணிக்கையில்தான் வரும்.

இவை மேலோட்டமானவை. ஆழமானது இது: 123456789 × 81 = 9999999909. அதாவது

1234567890 = (10¹¹ − 910) ÷ 81

இந்த ஒரு சமன்பாடு பலவற்றை விளக்கிவிடுகிறது. வர்க்கமூலம் ஏன் 35136.418? ஏனெனில் அது ஏறத்தாழ 1,00,000 × √10 ÷ 9. 13717421-இன் வர்க்கமூலம் ஏன் 3703.7? அந்த எண் (10¹⁰ − 91) ÷ 729; அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1,00,000 ÷ 27 = 3703.7037. ஆனால் 3607-உம் 3803-உம் அந்த வர்க்கமூலத்தின் இருபுறமும் இவ்வளவு நெருங்கி நிற்பதற்கு இந்தச் சமன்பாட்டில் காரணம் எதுவும் இல்லை. அது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

மடங்குகளின் விளையாட்டும் இந்த 81-இலிருந்தே வருகிறது. 2, 4, 5, 7, 8 ஆகியவற்றால் பெருக்கினால் மறுபடியும் பத்து இலக்கங்களும் ஒருமுறை வரும் எண்களே கிடைக்கும்: 2469135780, 4938271560, 6172839450, 8641975230, 9876543120. 3-ஆலும் 6-ஆலும் பெருக்கினால் குலைந்துவிடும்: 3703703670, 7407407340. 9-ஆல் பெருக்கினால் 11111111010. பெருக்கும் எண்ணுக்கும் 9-க்கும் பொதுக் காரணி இல்லாதபோது 9-ஆல் வரும் எல்லா மீதிகளும் ஒரு சுற்றில் வந்துவிடுகின்றன, இலக்கங்களும் எல்லாம் வருகின்றன. 3, 6 போன்றவற்றுக்கு மூன்றே மீதிகள்தான்; அதனால்தான் 370 370 என்று திரும்பத் திரும்ப வருகிறது. கர்ணக் கணக்கில் வந்த பக்கம் 123456789 × 8 = 987654312; மற்றது 123456789 × 6. இப்போது காரணம் தெரிகிறதல்லவா?

9876543210-ஐயும் நம் எண்ணையும் சேர்த்து யூக்ளிட் முறையில் மீப்பெரு பொதுக் காரணி கண்டால் இரண்டே வரிகள். 9876543210 = 8 × 1234567890 + 90. 90 நம் எண்ணை மீதியின்றி வகுக்கிறது. விடை 90. பத்திலக்க எண்கள் இரண்டுக்கு யூக்ளிட் முறை இவ்வளவு சீக்கிரம் முடிவது அரிது.

0.12345678901234567890… என்று முடிவின்றிச் சுழலும் தசமத்தைப் பின்னமாக எழுதினால் 1234567890 ÷ 9999999999. இரண்டையும் 9-ஆல் சுருக்கினால் 137174210 ÷ 1111111111. கீழே உள்ளது 11 × 41 × 271 × 9091; மேலே உள்ளதன் பகாக் காரணிகள் 2, 5, 3607, 3803. பொதுவாக எதுவும் இல்லை, ஆகவே இதற்குமேல் சுருங்காது.

கணினியில் கவனிக்க வேண்டியவை

இரும வடிவம் 100 1001 1001 0110 0000 0010 1101 0010. 31 பிட்டுகள், அவற்றில் 12 ஒன்றுகள். குறியுள்ள 32 பிட் முழு எண்ணின் எல்லை 2147483647 என்பதால் இது சிரமமின்றி அடங்கும். 9876543210 அடங்காது; குறியற்ற 32 பிட்டில் வலிந்து போட்டால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் 1286608618 என்று மாறி நிற்கும்.

32 பிட் மிதவைப் புள்ளியில் (பின்ன எண்களையும் சேமிக்கும் float வடிவம்) சேமித்தால் 1234567890-ஏ கெட்டுவிடும். அந்த வடிவம் 24 பிட் துல்லியம் மட்டுமே கொண்டது. இந்த அளவில் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே 128 இடைவெளி. எனவே கிடைப்பது 1234567936. பத்து இலக்க அடையாள எண்களை இப்படிச் சேமித்துவிட்டு, கடைசி இலக்கங்கள் எப்படி மாறின என்று தேடுபவர்களுக்கு விடை இதுதான். 64 பிட் மிதவைப் புள்ளியில் எண் சரியாக நிற்கும், ஆனால் அதன் வர்க்கம் நிற்காது. 1524157875019052100 என்ற வர்க்கத்துக்குள் 2-இன் அடுக்கு இரண்டுதான். அந்த அளவில் 256-இன் மடங்குகளை மட்டுமே அந்த வடிவம் துல்லியமாகக் காட்டும். 15 இலக்கங்களோடு நிறுத்திக்கொள்ளும் விரிதாள்களில் அது 1524157875019050000 என்று தெரியும். 64 பிட் முழு எண்ணில் கணக்கிட்டால் வர்க்கம் சரியாக வரும்.

1970 ஜனவரி 1-இலிருந்து நொடிகளை எண்ணும் யுனிக்ஸ் கடிகாரம் இந்த எண்ணை 2009 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, உலக நேரம் 23:31:30-க்குத் தொட்டது.

பக்கத்து எண்

1234567890-இன் காரணிகளை முழுதாக அறிந்ததால் கிடைக்கும் பெரிய பயன் அதன் பக்கத்து எண்ணில் இருக்கிறது. 1234567891 ஒரு பகா எண். அதை 35136 வரை வகுத்துப் பார்த்தும் நிறுவலாம். ஆனால் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூகாஸ் காட்டிய வழி நேர்த்தியானது. ஏதேனும் ஓர் அடி எண்ணை எடுத்து, அதை 1234567890 அடுக்குக்கு உயர்த்தி, 1234567891-ஆல் வகுத்த மீதியைப் பார்க்க வேண்டும். 1 வராவிட்டால் அது பகா எண்ணே அல்ல என்று அங்கேயே முடிவாகிவிடும். 1 வந்தால், 617283945, 411522630, 246913578, 342270, 324630 ஆகிய ஐந்து அடுக்குகளையும் சோதிக்க வேண்டும். இவை நம் எண்ணை முறையே 2, 3, 5, 3607, 3803 ஆகியவற்றால் வகுத்தால் கிடைப்பவை. ஐந்தில் ஒன்றுகூட மீதி 1 தராவிட்டால் 1234567891 பகா எண் என்பது நிறுவப்பட்டுவிடும்.

பெரிய அடுக்கு என்று அஞ்ச வேண்டாம். இரும வடிவத்தில் 31 பிட்டுகள், 12 ஒன்றுகள் என்று பார்த்தோமே, அதனால் 30 வர்க்கங்களும் 11 பெருக்கல்களும் போதும். ஒவ்வொரு பெருக்கலுக்குப் பின்னும் மீதியை எடுத்துவிட வேண்டும். இடைப்பட்ட பெருக்கல்கள் 19 இலக்கம் வரை போகும் என்பதால் 64 பிட் முழு எண் கட்டாயம். மிதவைப் புள்ளியில் செய்தால் பகா எண்ணைப் பகு எண் என்று சொல்லிவிடும்.

ஐந்தில் ஏதேனும் ஒன்று மீதி 1 தந்தால், அதனால் எண் பகு எண் என்று ஆகிவிடாது. அந்த அடி எண் பொருந்தவில்லை என்றுதான் பொருள். வேறொன்றை எடுக்க வேண்டும். ஐந்துக்கும் ஒரே அடி எண் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தவறிய அடுக்குக்கு மட்டும் புதிய அடி எண்ணை எடுத்து, அதன் முழு அடுக்கு 1 தருகிறதா என்பதையும் சேர்த்துச் சோதித்தால் போதும். ஐந்தையும் ஒரேயடியாகக் கடக்கும் அடி எண்கள் 1 முதல் 1234567890 வரை எத்தனை என்றால், மேலே கண்ட அதே 329040288. அதாவது குத்துமதிப்பாக எடுத்தால் சராசரியாக நான்கு முயற்சிகளுக்கு ஒன்று தேறிவிடும்.